ஹயாதே தாரோவின் முதல் வெற்றி

இவாகிரி ஷோஸோவை விரியன் கடித்து ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தபோது, அவர் மனைவி தோகிகோ டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி "பொழைச்சுடுவாரா?" என்பதல்ல. "எந்தக் குதிரை?" என்பதுதான்.

இந்தக் கேள்வியின் நியாயம் விளங்க வேண்டுமென்றால் ஹயாதே தாரோவைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். ஹயாதே என்றால் சூறைக்காற்று. பெயர் வைத்தவர் குட்டியை நேரில் பார்க்காமலே வைத்திருக்க வேண்டும். கியூஷுவின் வடக்கே ஒரு சின்னப் பந்தயத் திடலில் தாரோ வருடக்கணக்காக ஓடினான். ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. மற்ற குதிரைகளெல்லாம் கோட்டைத் தாண்டி, வியர்வை துடைத்து, லாயத்துக்குத் திரும்புகிற சமயத்தில், வழியில் எதையோ தொலைத்துவிட்டவன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு இவன் வந்துசேர்வான். இப்படிப்பட்ட குதிரைக்கு ரசிகர் மன்றம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. ஜெயிக்கிற குதிரையை எவனும் ரசிப்பான், தோற்கிற குதிரையை ரசிக்கத்தான் மனசு வேண்டும் என்பது மன்றத்தின் கொள்கை. ஒருமுறை இன்னொரு குதிரை நடுவழியில் காலைச் சுளுக்கிக்கொண்டு நின்றுவிட்டதால் தாரோ கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தான். அன்று மன்றத்தார் ஓட்டலில் விருந்து வைத்து, ஷோச்சூ சாராயம் குடித்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள்.

நிச்சினான் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் மன்றத்தின் கிளைக்குத் தலைவர் நாகதோமோ. நகராட்சியில் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பதவி போன பிறகு தலைமை தாங்க எதுவும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் குதிரை தெய்வம் அனுப்பியது போல வந்து வாய்த்தது. தோகிகோ அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தாள். இரண்டு மகன்களும் ஒசாகாவில் குடியேறிய பிறகு வீட்டில் அவள் பேசினால் பதில் சொல்ல ஷோஸோ மட்டுமே மிச்சம். அவரோ பதில் சொல்கிற ஆள் இல்லை. தாரோவும் பதில் சொல்ல மாட்டான் என்றாலும் காதையாவது ஆட்டுவான். அவன் வாலிலிருந்து உதிர்ந்த மயிரைக் கோயில் தாயத்துப் பையில் வைத்துத் தைத்து, கைப்பையில் தொங்கவிட்டிருந்தாள்.

ஷோஸோவுக்குக் குதிரை பிடிக்காது. குதிரை மட்டுமல்ல, நாலு கால் உள்ள எதுவும் பிடிக்காது. மலைச்சரிவில் ஹ்யூகநட்சு ஆரஞ்சு பயிரிடுகிறவருக்கு நாலு கால் பிராணி என்றால் வேரைத் தோண்டுகிற காட்டுப்பன்றி, பட்டையை உரிக்கிற மான், பழத்தை ஒரு கடி கடித்துவிட்டு எறிகிற குரங்கு. குரங்குக்கு இரண்டு கால்தானே என்று யாராவது சொன்னால், ஓடும்போது பாருங்கள் என்பார்.

தாரோவுக்கு வயதாகிப் பந்தயத்திலிருந்து விலக்கினார்கள். வழியனுப்பு விழாவில் மன்றம் மாலை போட்டது, பாட்டுப் பாடியது, கைக்குட்டையை நனைத்தது. அதற்குப் பிறகு அவன் எங்கே போனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரோ ஒரு உறுப்பினர் செய்தித்தாளில் ஒரு படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு சீரம் தயாரிக்கிற பண்ணையைப் பற்றிய செய்தி அது. வரிசையாக நிற்கிற குதிரைகளில் ஒன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சந்தேகமே இல்லை, தாரோதான்.

மன்றம் கொதித்தது. நாகதோமோ எதிர்ப்புப் பேனர் எழுதவைத்தார். "தாரோவின் ரத்தம் தாரோவுக்கே" என்பது வாசகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் வைத்துப் போய்ப் பண்ணை வாசலில் நின்றார்கள். மழை வந்தது. பண்ணையின் கால்நடை மருத்துவர் ஷிராகி என்பவர் வெளியே வந்து, நனையாதீர்கள் என்று உள்ளே கூப்பிட்டு, தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டார். தேநீர் கொடுத்தவரைப் பார்த்துக் கோஷம் போடுவது கஷ்டம். ஷிராகி பொறுமையாகச் சொன்னார். பலம் குறைத்த விஷத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டு, எதிர்த்து நிற்க எதிர்ப்பான்களை உண்டாக்கும். பிறகு கழுத்திலிருந்து ரத்தம் எடுத்து அந்த எதிர்ப்பான்களைப் பிரித்து மருந்தாக்குவார்கள். கடிபட்டவர்களுக்கு நூறு வருடத்துக்கும் மேலாக இதுதான் கதி.

பிறகு தாரோவைக் காட்டினார். அவன் பந்தயக் காலத்தைவிடப் பருத்திருந்தான். மன்றத்தார் கண்ணீரோடு கூப்பிட்டார்கள். தோகிகோ நீட்டிய கேரட்டைப் பார்த்து வந்தான், தின்றான், போய்விட்டான். "நம்மளப் பாத்து அவனுக்குத் தொண்டை அடைச்சுருச்சு" என்றார் நாகதோமோ. அன்றே, தாரோ விடுதலையாகும்வரை போராட்டம் ஓயாது என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போடுவதில் அந்த மன்றத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

இந்த நிலைமையில்தான் விரியன் கடித்தது.

மழைக்காலம் முடிந்த கையோடு ஷோஸோ தோட்டத்தின் மேல்தட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷினில் சிக்கிய புல்லை எடுக்கக் குனிந்தார், கை வைத்த இடத்தில் மாமுஷி படுத்திருந்தது. குட்டையாக, தடியாக, உடம்பெல்லாம் காசு போட்டது மாதிரி புள்ளி உள்ள விரியன். கட்டைவிரலின் அடியில் கடித்துவிட்டு, நிதானமாகக் கல்லிடுக்கில் போய்விட்டது. கீழே இறங்கி வந்த ஷோஸோவைக் குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போக வந்த பக்கத்துத் தோட்டக்காரர், பாம்பைப் பிடித்தாயா என்றுதான் முதலில் கேட்டாராம். ஷோச்சூவில் ஊறப்போட்டால் நல்ல மருந்தாம். ஷோஸோ அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும், இந்த விவகாரத்தில் தன் கை யாருக்கும் முக்கியமில்லை என்று.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர்வதற்குள் கை முழங்கைவரை வீங்கிவிட்டது. டாக்டர் கொதாமா இளம் பெண். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீக்கம் முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறத் தொடங்கியதும், பின்னாலேயே வந்துவிட்ட தோகிகோவைக் கூப்பிட்டாள்.

"குதிரை சீரம் போடலாம்னு பாக்கறேன். சில பேருக்கு ஒத்துக்காம அலர்ஜி வரும், நாங்க பக்கத்துலயே இருந்து பாத்துப்போம். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

"எந்தக் குதிரை?" என்றாள் தோகிகோ.

டாக்டருக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது.

"குதிரையோட பேரு கேக்கறேன்."

"பேரெல்லாம் இருக்காதும்மா. பல குதிரைங்க ரத்தத்திலிருந்து எடுத்து ஒண்ணாக் கலந்து செய்யறது. பாட்டில்ல ஒரு நம்பர் இருக்கும், அவ்வளவுதான்."

தோகிகோ ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நடைபாதைக்குப் போனாள். நாகதோமோவுக்குப் போன் போட்டாள். கதவு முழுதாக மூடாததால் ஷோஸோவுக்கு எல்லாம் கேட்டது. மன்றத்தின் நிலைப்பாடு எழுத்தில் இருக்கிறது, பொறுப்பில் இருப்பவரின் குடும்பமே அதை மீறினால் வெளியில் என்ன பேசுவார்கள், குதிரை சம்பந்தமில்லாத மாற்று மருந்து உண்டா என்று விசாரித்தீர்களா என்றெல்லாம் தலைவர் கேட்டிருக்க வேண்டும். தோகிகோவின் "ஆமாம்... ஆமாம்... அதுவும் சரிதான்" மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து டாக்டரிடம் மாற்று மருந்தைப் பற்றிக் கேட்டாள். மாத்திரை ஒன்று உண்டு, இந்த வீக்கத்துக்கு அதை மட்டும் நம்பி உட்கார முடியாது என்றாள் டாக்டர். குதிரையே இல்லாமல் செய்கிற புது எதிர்ப்பான்களைச் சில இடங்களில் எலிகளுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள், எலிகள் நன்றாக இருக்கின்றனவாம், இவர் எலியாக இருந்தால் எழுதித் தரலாம்.

ஷோஸோ தலையைத் தூக்கினார். "தோகிகோ. குதிரையோ கழுதையோ, போடச் சொல்லு."

அவள் அவரைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கைப்பையில் தொங்கிய தாயத்தைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். போட்டாள் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் அவள் யோசித்தாள் என்பதும் உண்மை. முப்பது வருடங்களுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தவருக்கு அந்த இடைவெளி விரியனின் பல்லைவிட ஆழமாக இறங்கியது.

சீரம் ஏறியது. வீக்கம் தோளோடு நின்றது. இரண்டொரு நாளில் விரல்களை மடக்க முடிந்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்லத் தொடங்கினார். ஆள் தேறிவிட்டார் என்று தோகிகோவுக்கு அப்போதுதான் நிச்சயமானது.

கொள்கையை மீறியதற்கு மன்றம் என்ன சொல்லப்போகிறதோ என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். நாகதோமோ என்கிற மனிதரை அவள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நகராட்சியில் காலம் தள்ளியவர். எந்த மேயர் வந்தாலும் அவருடைய கொள்கைதான் ஆரம்பத்திலிருந்தே தன் கொள்கை என்று சொல்லிப் பழகியவர். தாரோவின் முகம் போட்ட தொப்பி அணிந்து, மன்றத்தாரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கட்டிலைச் சுற்றி நின்று எல்லாரும் ஷோஸோவைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். சரியாகச் சொன்னால் ஷோஸோவை அல்ல, அவருடைய வலது கையை.

"இவாகிரி-சான், இந்தக் கையில தாரோ ஓடறான்" என்றார் நாகதோமோ. "விஷத்துக்கும் அவனுக்கும் பந்தயம். முழங்கையில விஷம் முன்னாடி. தோள்பட்டையில நம்ம பையன் முந்திட்டான். வாழ்க்கையில மொதல் வெற்றி."

ஒரு அம்மாள் விசும்பினாள். இன்னொருத்தர் கையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கூடாது என்றார் ஷோஸோ. ஆனால் தலையணை மேல் தூக்கிவைத்த கை எங்கே போகும்? தொட்டார்கள். தாரோவின் முதல் வெற்றி என்று எழுதிய பேனரைக் கட்டிலின் மேல் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். அந்தச் சமயம் உள்ளே வந்த டாக்டர் கொதாமா, அந்த பாட்டில் அந்தப் பண்ணையிலிருந்து வந்ததா என்றே தனக்குத் தெரியாது, வந்திருந்தாலும் எந்தக் குதிரையின் பங்கு எவ்வளவு என்று கடவுளுக்கும் தெரியாது என்றாள். நாகதோமோ அவளைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அது டாக்டருக்குத் தெரியாது. ரசிகனுக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. தோட்டத்துக்கு ஆள் வந்தது. கேரட் வந்தது. தாரோவுக்குப் பிடிக்கும் என்று கேரட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஷோஸோ அதைத் தின்னும்போது நின்று பார்த்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பெட்டி எடைபோடுகிறவன் "ஒரு தடவை கனைச்சுக் காட்டுங்க" என்றான். ஷோஸோ அங்கே போவதை நிறுத்தி, தோகிகோவை அனுப்பினார்.

ஒரு வாரம் கழிந்து அவருக்கு உடம்பெல்லாம் தடித்தது. சிவந்து சிவந்து, தீவுக்கூட்டம் மாதிரி வயிற்றிலும் முதுகிலும் எழும்பியது. காய்ச்சல் வந்தது. மூட்டெல்லாம் வலித்தது. செய்தி மன்றத்துக்குப் போனதும் அங்கே வருத்தம் உண்டாயிற்று. ஷோஸோவுக்காக அல்ல. "அவர் உடம்பு தாரோவை ஏத்துக்க மாட்டேங்குது" என்று பேசிக்கொண்டார்கள். ஆரம்பத்திலிருந்தே அவருக்குக் குதிரை பிடிக்காது, அந்த வெறுப்பு இப்போது தோலில் வெளிவருகிறது என்று ஓர் உறுப்பினர் விளக்கம் கொடுத்தார். தோகிகோவே ஒரு தடவை, கொஞ்சம் நன்றியோட நெனைச்சுப் பாருங்களேன் என்று மெல்லச் சொன்னாள். ஷோஸோ முதுகைச் சொறிந்துகொண்டே அவளைப் பார்த்த பார்வையில் அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாகதோமோவும் அங்கே இருந்தார். அவருக்கு மூட்டுவாதம், மாதாமாதம் வந்து ஊசி போட்டுக்கொள்வார். மன்றத்தின் சொத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க அவரும் டாக்டரின் அறைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டார். வெளியே போங்கள் என்று சொன்னால் போகிற ஆள் இல்லை.

டாக்டர் கொதாமா பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, சீரத்தால் வருகிற காய்ச்சல்தான், மாத்திரை தருகிறேன், சில நாளில் போய்விடும் என்றாள். குதிரையின் புரதம் மனித உடம்புக்கு அன்னியம். வந்த ஆள் உதவி செய்ய வந்தானா திருட வந்தானா என்று உடம்பு விசாரிக்காது. தானும் எதிர்ப்பான்களை உண்டாக்கி அதன் மேல் பாயும்.

"எனக்குந்தான் மாசாமாசம் எதிர்ப்பான் ஊசி போடறீங்க" என்றார் நாகதோமோ. "ஒரு தடிப்பு வந்ததா? எல்லாம் மனசுல இருக்கு டாக்டர். அன்போட வாங்கிக்கணும்."

டாக்டர் பேனாவை வைத்தாள். அவளுக்கு அன்று கூட்டம் குறைவு போலிருக்கிறது, சாவகாசமாகச் சொன்னாள். கடைத்தெருவில் திருடன் ஓடுகிறான் என்று வையுங்கள். தெருவே திரண்டு பிடிக்கிறது. ஒருத்தன் சட்டையைப் பிடிக்கிறான், ஒருத்தன் காலை வாருகிறான், ஒருத்தி முடியைப் பிடித்து இழுக்கிறாள், சிலர் சும்மா நின்று கத்துகிறார்கள். குதிரை சீரம் அப்படி. பலவித எதிர்ப்பான்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் பிடிக்கும். பாம்பு விஷமும் ஒரு ஆள் இல்லை, ஒரு கும்பல், அதனால் கூட்டமாகப் போனால்தான் சரிப்படும். நாகதோமோவின் ஊசி வேறு கதை. கெட்டிக்கார செல் ஒன்றைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து வருகிற எதிர்ப்பான் எல்லாம் ஒரே அச்சு, ஒரே முகம், ஒரே இடத்தில்தான் பிடிக்கும். மூட்டில் வம்பு செய்கிறவன் ஒருத்தன் என்று தெரிந்துவிட்டதால் அவனை மட்டும் பிடிக்க அது போதும். மனிதப் புரதம் மாதிரியே வேஷமும் கட்டி அனுப்புவதால் உடம்பு அவ்வளவாகச் சந்தேகப்படாது. புற்றுநோய்க்கு, ஆஸ்துமாவுக்கு, தோல் நோய்க்கு என்று இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் வந்திருக்கிறான். விரியனுக்கும் இப்படி நாலைந்து ஒற்றை ஆட்களைச் சேர்த்து அனுப்பலாமா என்றுதான் பார்க்கிறார்கள்.

"ஆக, என் மருந்துக்கு ஒரு ஜீவனையும் இம்சை பண்ணலை" என்றார் நாகதோமோ திருப்தியாக.

"பெரிய தொட்டியில செல்லை வளத்து எடுக்கறாங்க. ஹாம்ஸ்டர் எலியோட சினைப்பையிலிருந்து வந்த செல்லு."

ஷோஸோ சொறிவதைக்கூட நிறுத்திவிட்டுத் தலைவரின் முகத்தையே பார்த்தார். கடிபட்ட நாளிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான்.

"அந்த எலிக்கு ஒரு பேனர் எழுதலாமே, தலைவரே" என்றார்.

"அது பந்தயத்துல ஓடலையே" என்றார் நாகதோமோ.

இலையுதிர்காலத்தில் பண்ணையிலிருந்து ஷிராகி நாகதோமோவுக்குப் போன் செய்தார். தாரோவுக்கு வயதாகிவிட்டது, விஷத்தை ஏற்றினாலும் அவன் ரத்தத்தில் எதிர்ப்பான்கள் முன்போலத் திரளவில்லை, இனி அவனைத் தொந்தரவு செய்வதாக இல்லை. நீங்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

போராட்டம் வெற்றி பெற்றுவிட்டது. மன்றத்தின் மேல் இப்படி ஒரு இடி விழுமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊர்ப் பொதுக்கூடத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். ஒருத்தர் நாலாவது மாடியில் குடியிருந்தார். ஒரு அம்மாளின் மாமியாருக்கு மிருக வாடை ஆகாது. இன்னொருத்தரின் நாய்க்குப் பொறாமை அதிகம். தோட்டமும் காலி கொட்டகையும் உள்ள ஒருவர், தாரோ மேல் வைத்திருக்கிற மரியாதையினாலேயே அவனைக் கொட்டகையில் கட்ட மனசு வரவில்லை என்றார். நாகதோமோ தன் முழங்காலைத் தடவிக்காட்டினார். முடிவில், தாரோவுக்கு மன்றத்தின் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது. யாரும் தோகிகோவின் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு கவனமாகத் திரும்பாமல் இருந்தார்கள் என்றால் அவளுக்குப் புரியாதா?

வீட்டுக்கு வந்து ஷோஸோவிடம் சொன்னாள். கேட்கக்கூட இல்லை, சொல்ல மட்டும்தான் செய்தாள். "முடியாது" என்றார் அவர். அவள் சரி என்று சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். டிவியில் யாரோ கத்தரிக்காய் வறுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில யோசிச்சியே" என்றார் ஷோஸோ திடீரென்று.

அவள் சாப்ஸ்டிக்கை வைத்தாள். "யோசிச்சேன்."

"எதை?"

"போட்டு ஒத்துக்காம ஏதாவது ஆயிடுச்சுன்னா, உங்களைக் கொன்னுட்டான்னு அவனை வெறுக்கணும். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல எழந்துட்டு இந்த வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போறதுன்னு யோசிச்சேன்."

இது உண்மையா, இவ்வளவு நாளில் அவள் தயார் செய்துவைத்த பதிலா என்று ஷோஸோவால் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படியிருந்தாலும் தன்னையும் குதிரையையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறாள். முன்பு கொஞ்சம் கீழே இருந்ததாக அவர் நினைத்திருந்ததால், அது அவருக்கு முன்னேற்றமாகவே பட்டது. "பாக்கத்தான் போகலாம்" என்றார். "கூட்டிட்டு வர இல்ல. பாக்க."

அரசாங்க சம்பந்தமான இடம் என்று நினைத்து அவர் அன்று கறுப்புக் கால்சட்டையும் தேய்த்த வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டார். குட்டி லாரியில் வழி முழுக்க, குதிரை எவ்வளவு சாணி போடும் என்று கணக்குப்போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். பண்ணையில் ஷிராகி இருவரையும் வேலிப் பக்கம் கூட்டிப்போனார். தாரோ தூரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

தோகிகோ கேரட்டை நீட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் தலையைத் தூக்கினான். கேரட்டைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். அவசரமே இல்லாமல் நடந்து வந்து, ஷோஸோவுக்கு நேராக வேலியை ஒட்டி நின்று, கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி நீட்டிக்கொடுத்தான். மயிர் மழித்து மழித்து வழுவழுத்துப்போன ஒரு பட்டை அங்கே இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"வெள்ளைச் சட்டையப் பாத்ததும், ரத்தம் எடுக்க வந்துட்டீங்கன்னு நெனைக்கறான்" என்றார் ஷிராகி. "ரொம்ப ஒழுங்கான பையன். ஒரு நாளும் மொரண்டு பிடிச்சதில்லை."

குதிரை கண்ணை மூடியபடி காத்திருந்தது. எதுவும் நடக்காததால் ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தது, மறுபடி மூடிக்கொண்டது. ஷோஸோவின் கை அவரை அறியாமலே போய் அந்த வழுவழுப்பான இடத்தில் படிந்தது. சூடாக இருந்தது. அடியில் நரம்பு துடித்தது. கொஞ்சநேரத்தில் அவருக்குத் தும்மல் வந்தது. மூக்கைத் துடைத்தார், கண்ணையும் சேர்த்துத் துடைத்தார். எல்லாம் அலர்ஜி என்று பிற்பாடு சொன்னார்.

"குதிரை ஏத்தற வண்டிக்கு யார்கிட்டச் சொல்லணும்?" என்று ஷிராகியிடம் கேட்டார்.

தாரோ வந்த அன்று மன்றம் முழுக்க மலையடிவாரத்தில் பேனரோடு நின்றது. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள், கேரட் கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், சாணி அள்ளும் நேரம் வருவதற்குள் போய்விடுகிறார்கள். டாக்டர் கொதாமா ஷோஸோவைக் கண்டித்து அனுப்பினாள். இன்னொரு முறை பாம்பு கடித்தால் குதிரை சீரத்தைச் சுலபமாகப் போட முடியாது, உடம்பு இப்போது உஷாராகிவிட்டது, தயவுசெய்து கையுறை, நீள பூட்ஸ் இல்லாமல் புல்லில் இறங்காதீர்கள் என்றாள். குதிரைப் பக்கம் போகும்போது முகக்கவசம் போடச் சொன்னாள். போட்டுக்கொண்டும் தும்முகிறார். "உள்ள இருக்கிற தாரோவும் வெளிய இருக்கிற தாரோவும் பேசிக்கறாங்க" என்றார் நாகதோமோ. ஷோஸோ அவர் கையில் சாணி அள்ளும் மண்வெட்டியைக் கொடுத்தார். தலைவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேல்தட்டில் இப்போது புல் வெட்ட வேண்டிய வேலையில்லை. தாரோ தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் மேய்ந்துவிடுகிறான். கண்ணுக்கு மறைவாக ஒரு புழுகூடப் படுக்க முடியாது. புது ஆரஞ்சுக் கன்றுகளின் கொழுந்தையும் சேர்த்து மேய்கிறான் என்பது வேறு விஷயம். ஷோஸோ கொட்டகை வாசலில் நின்று அவனைத் திட்டுகிறார். அவன் காதை ஆட்டுகிறான். உள்ளேயிருந்து தோகிகோ இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கணவர் இவ்வளவு பேசுவார் என்று அவளுக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

வெள்ளைச் சட்டை மட்டும் அந்த வீட்டில் உடுத்துவதில்லை. கல்யாணமோ கருமாதியோ என்று கட்டாயம் வந்தால், ஷோஸோ மேலே கறுப்புக் கோட்டைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டிக்கொண்டு, கொட்டகை இல்லாத பக்கமாகச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போகிறார். சுற்று வழி. ஏற்ற இறக்கமும் அதிகம். காரணம் கேட்டால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்கிறார்.